11,158 அடியிலிருந்து இறங்கும்போது: டென்வர் முதல் சலைனா வரை இரண்டு மோட்டார்ஹோம்களின் பிரேக்குகள்

முதல் நாள்: கோல்டன், கொலராடோ

டென்வர் நகரம் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் கோல்டன் இருக்கிறது. ஐ-70 நெடுஞ்சாலை இங்கிருந்து மேற்கே ஏறி, 50 மைலுக்குள் ஐசனோவர் சுரங்கப்பாதையில் 11,158 அடி உயரத்தை எட்டிவிடுகிறது. அதன்பின் இறக்கம். பெரிய மோட்டார்ஹோம் (வீட்டு வசதிகளோடு கூடிய பயண வண்டி) ஓட்டுபவர்கள் பலர் ஏற்றத்தில் எஞ்சின் சூடாவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஏற்றத்தில் ஏதாவது கெட்டால் வண்டி தானாக நின்றுவிடும். இறக்கத்தில் அப்படி நிற்காது. ஆகவே இன்றைய பொழுது முழுவதும் பிரேக் சோதனைக்கு.

வண்டிகள் இரண்டு. ஒன்று 40 அடி நீளம், பின்னால் டீசல் எஞ்சின், நான்கு முனையிலும் டிரம்முடன் ஏர் பிரேக் (காற்றழுத்தத்தில் இயங்குவது; லைனர் என்ற உராய்வுப் பட்டை, சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை அழுத்தும்), இழுத்துச் செல்லும் கார் ஒன்று. இன்னொன்று 34 அடி பெட்ரோல் வண்டி, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். லாரி நிறுத்தத்தின் எடைமேடையில் டீசல் வண்டியின் முன் அச்சு 11,400 பவுண்டு, பின் அச்சு 19,300, கார் 4,000. மொத்தம் 34,700 பவுண்டு, அதாவது சுமார் 15,700 கிலோ. ஓட்டுநர் இருக்கை அருகே ஒட்டியிருக்கும் தகட்டில் ஒவ்வொரு அச்சுக்கும் அனுமதித்த எடை இருக்கும். மொத்த எடை சரியாக இருந்தாலும் ஓர் அச்சு மட்டும் மீறியிருக்கலாம். தண்ணீர்த் தொட்டியை முழுதும் நிரப்பி, சாமான்களை ஒரே பக்கம் அடுக்குவதால் வருவது அது. எடை தெரியாமல் பிரேக்கைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

காற்றுச் சோதனையைச் சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே செய்ய வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஏர் ஏறுவதைப் பார்த்தால், 120 முதல் 130 பி.எஸ்.ஐ.க்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) கவர்னர் என்ற கட்டுப்பாட்டு வால்வு, காற்றை நிரப்பும் கம்ப்ரஸரை நிறுத்தும். ஏர் ட்ரையர் ஒரு பெருமூச்சு விட்டு ஈரத்தை வெளியே தள்ளும். பெடலை மிதித்து மிதித்து அழுத்தத்தை இறக்கினால், ஏறத்தாழ 100-இல் கம்ப்ரஸர் மறுபடி வேலையைத் தொடங்க வேண்டும். நிற்கும் அழுத்தத்துக்கும் தொடங்கும் அழுத்தத்துக்கும் இடையே குறைந்தது 16 பி.எஸ்.ஐ. இடைவெளி வேண்டும். அதற்கும் குறைவென்றால் கம்ப்ரஸர் ஓயாமல் நின்று நின்று ஓடும். கவர்னரை மாற்றுவது மலிவான வேலை. 85-இலிருந்து 100 பி.எஸ்.ஐ. ஏற 45 விநாடிக்குமேல் எடுத்தால் முதலில் காற்று வடிகட்டியையும், கம்ப்ரஸரிலிருந்து ட்ரையருக்குப் போகும் குழாயையும் பாருங்கள். அந்தக் குழாயின் உள்ளே கரி படிந்து அடைத்துக்கொள்வது பழைய வண்டிகளில் சாதாரணம்.

அடுத்து கசிவு. ஏர் முழுதாக ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பெடலைத் தொடாமல் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்குமேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை நன்றாக மிதித்துப் பிடித்தால் முள் ஒருமுறை சட்டென இறங்கும்; அதை விட்டுவிட்டு, அதன்பின் ஒரு நிமிடத்தில் எவ்வளவு என்று பாருங்கள். 3 பி.எஸ்.ஐ. வரை சரி. கடைசியாகப் பெடலைத் தொடர்ந்து மிதித்துக் காற்றை வெளியேற்றினால், 60 பி.எஸ்.ஐ. அளவில் எச்சரிக்கை விளக்கும் பஸ்ஸரும் வர வேண்டும். 55-க்குக் கீழே போகும்வரை வரவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். இன்னும் மிதித்தால் 45-க்கும் 20-க்கும் இடையில் மஞ்சள் பார்க்கிங் குமிழ் தானாக வெளியே துள்ள வேண்டும்.

கசிவு எந்த நேரத்தில் கேட்கிறது என்பதை வைத்தே அது எங்கே என்று பாதி சொல்லிவிடலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் ஒரு சேம்பரிலிருந்து (சக்கரத்தருகே காற்றழுத்தத்தைத் தள்ளும் விசையாக மாற்றும் கலம்) சீறினால், சர்வீஸ் பக்க டயாஃப்ரம், அதாவது பெடல் பிரேக்குக்கான ரப்பர் சவ்வு, கிழிந்திருக்கிறது. பார்க்கிங் பிரேக்கை விடுவித்திருக்கும்போது மட்டும் பின்சக்கர சேம்பரில் சீறினால் ஸ்பிரிங் பக்க டயாஃப்ரம் (பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது காற்று). பெடலைத் தொடாதபோதே டேங்கின் காற்றைச் சேம்பர்களுக்குத் திறந்துவிடும் ரிலே வால்வின் கீழ்த்துளையில் காற்று வந்தால், வால்வின் உள்வாய் மூடவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். ஆனால் ஸ்பிரிங் சேம்பரின் உட்சீல் போனாலும் காற்று சர்வீஸ் குழாய் வழியாகத் திரும்பி அதே துளைக்கு வந்து சேரும். வால்வை வீணாக மாற்றாமலிருக்க, பார்க்கிங் பிரேக்கைப் போட்டுப் பாருங்கள். கசிவு நின்றால் குற்றம் சேம்பருடையது. சோப்புத் தண்ணீர் புட்டி ஒன்று போதும், விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

டீசல் வண்டி இன்று எல்லாவற்றிலும் தேறியது. இங்கேதான் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். காற்றுச் சோதனை என்பது காற்று சேம்பர் வரை போய்ச் சேர்கிறதா என்பதை மட்டும் சொல்லும். சேம்பருக்கு அப்பால் லைனர் டிரம்மை எவ்வளவு வலுவாக அழுத்துகிறது என்பதை டேஷ்போர்டு முள் சொல்லாது.

இரண்டாம் நாள்: கோல்டன் – டில்லன்

ஃபிளாய்டு ஹில் இறக்கம் முதல் பரீட்சை. அதில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. பிறகு ஜார்ஜ்டவுன் தாண்டி நீண்ட ஏற்றம், சுரங்கம், வெளியே வந்ததும் 7 சதவீத இறக்கம்.

மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தார்ன் வரை ஏறத்தாழ 8 மைல், 2,000 அடிக்குமேல் கீழே இறங்குகிறது சாலை. மேலே சொன்ன எடையுடன் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 26 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 35 மைல் வேகத்தில் இறங்கினால் 14 நிமிடத்தில் அவ்வளவும் எங்காவது போயாக வேண்டும். தொடர்ந்து 150 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் உருளலும் எதிர்க்காற்றும் கால்பங்கு அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மீதி எஞ்சின் வழியாகப் போக வேண்டும், இல்லையேல் டிரம் வழியாக.

டிரம் சூடேறினால் விரியும். லைனர் அதைத் தொட இன்னும் தூரம் நகர வேண்டும், சேம்பரிலிருந்து நீளும் புஷ் ராட் என்ற தண்டு இன்னும் வெளியே வர வேண்டும். சேம்பருக்குள் இருக்கும் தூரம் அளவானது. அதோடு லைனரின் உராய்வும் வெப்பத்தில் குறைகிறது. குளிர்ந்த நிலையில் சுமாராகப் பிடித்த பிரேக், இறக்கத்தின் நடுவில் பிடிக்காமல் போவது இப்படித்தான். இந்தச் சரிவில் லாரிகளுக்காகச் சரளை நிரப்பிய தப்பிக்கும் பாதைகள் வைத்திருப்பதும் இதனால்தான். மோட்டார்ஹோமும் அதில் ஏறலாம். வண்டி சேதமாகுமே என்று தயங்கி அதைக் கடந்து போவது உயிருக்கு ஆபத்து.

கியரைச் சுரங்கத்துக்குள்ளேயே குறைத்துவிட வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) ஆன் செய்தால் அலிசன் நிறுவனத்தின் தானியங்கி கியர்பெட்டி தானாகவே குறைந்த கியரை இலக்காக எடுத்துக்கொள்ளும். ஆனால் எஞ்சின் சுழற்சி வரம்பைத் தாண்டும் என்றால் அது கியரை இறக்கவே இறக்காது. வேகம் கூடிய பிறகு பொத்தானை அழுத்திப் பயனில்லை. எக்ஸாஸ்ட் பிரேக்கின் வலு 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல்தான்; 1,400-இல் அது பெயரளவுக்கு மட்டும். இன்னொன்று: 11,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எக்ஸாஸ்ட் பிரேக்கும் வலு குறையும், கம்ப்ரஸரும் மெதுவாக நிரப்பும். சமவெளியில் பழகிய அளவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

பெடலை இப்படிப் பயன்படுத்த வேண்டும். பாதுகாப்பான வேகம் 35 மைல் என்றால், முள் 35-ஐத் தொட்டதும் வேகம் குறைவது உடலில் தெரியும்படி அழுத்தி, 30-க்கு வந்ததும் முழுதாக விட்டுவிட வேண்டும். மூன்று விநாடி அளவு. மறுபடி 35 வரும்வரை பெடலைத் தொடக் கூடாது. இலேசாகத் தொட்டபடியே இறங்குவது மென்மையாகத் தோன்றும். ஆனால் குறைந்த அழுத்தத்தில் எல்லாச் சக்கரமும் ஒரே அளவு பிடிப்பதில்லை, சரியாக இருக்கும் ஒன்றிரண்டு மட்டும் முழுச் சுமையையும் தாங்கி வெந்துபோகும். அதற்காகப் படபடவென்று மிதித்து மிதித்து விடுவதும் கூடாது. ஹைட்ராலிக் வண்டியில் உதவக்கூடிய அந்தப் பழக்கம் ஏர் பிரேக்கில் டேங்கைத்தான் காலி செய்யும்.

டில்லனில் சமதளமான இடத்தில் நிறுத்தியதும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் நான்கு முனையும் பார்த்தது (ஃபாரன்ஹீட்): முன் இடது 255, முன் வலது 260, பின் இடது 345, பின் வலது 140. காரின் நான்கும் 150-க்குள். காரையும் பார்ப்பது அவசியம். காருக்குள் வைக்கும் துணைப் பிரேக் பெட்டி சிக்கி, மைல்கணக்கில் காரின் பிரேக்கைப் பிடித்தபடியே இழுத்துப்போவது உண்டு. புகைநாற்றம் வரும், பழி மோட்டார்ஹோம்மீது விழும்.

அளக்கும்போது பளபளப்பான அலுமினியச் சக்கரத்தை நோக்கிப் பிடித்தால் பொய்யான குறைந்த எண் வரும். சக்கரத்தின் ஓட்டை வழியாகத் துருப்பிடித்த டிரம்மைக் குறிவைக்க வேண்டும், எல்லா முனையிலும் ஒரே தூரத்திலிருந்து. முனைகளுக்கிடையே எண் எப்படி மாறுகிறது என்பதே செய்தி. ஒரே அச்சில் ஒன்று மிகச் சூடு என்றால் அது விடாமல் பிடித்திருக்கலாம், அல்லது மறுபக்கத்தின் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கலாம். இங்கே 345 என்பது இடது சக்கரம் உழைத்ததால் வந்தது. நோயாளி 140-இல் இருக்கும் வலது சக்கரம். சூடான சக்கரத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தால் பல இடங்களில் நல்ல பிரேக்கைத்தான் பழுதுபார்க்கிறார்கள்.

டிரம் மிகச் சூடாக இருக்கையில் பார்க்கிங் பிரேக்கைப் போடக் கூடாது. விரிந்த டிரம்மின்மீது ஸ்பிரிங்கின் முழு வலுவும் இறுகி நிற்க, அது குளிர்ந்து சுருங்கும்போது சேதம் வரும். கட்டைகளை முன்னும் பின்னும் கொடுத்து, சூடு தணியும்வரை ஒருவர் பெடலருகே இருக்கையில் இருக்க வேண்டும். அதேபோல் சூட்டில் ஸ்ட்ரோக் (புஷ் ராட் நகரும் தூரம்) அளப்பதோ திருத்துவதோ தவறு. விரிந்த டிரம்முக்கு ஏற்பத் திருத்தினால் ஆறியபின் பிரேக் விடாமல் உரசும். நாளைக் காலை அளவெடுப்பு.

மூன்றாம் நாள்: டில்லன்

அடியில் படுப்பதற்குமுன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறோம். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, அதைத் தாங்கும் காற்றுப் பலூனில் காற்று இறங்கினால் சில அங்குலம் திடீரெனக் கீழே உட்காரும். லெவலிங் ஜாக்கிகளை நம்பியும் அடியில் போகக் கூடாது. வண்டியின் சட்டத்துக்கு அடியில் எடை தாங்கும் ஸ்டாண்டு வைத்த பிறகே உடம்பை உள்ளே நுழைக்க வேண்டும். இதனால் இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

பார்க்கிங் பிரேக்கை விடுவித்து (கட்டைகள் உண்டா என்று மறுபடி பார்த்து), எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு புஷ் ராடிலும் சேம்பரின் முகத்தை ஒட்டிச் சாக்கட்டியால் கோடு போட வேண்டும். டேங்கில் 90 முதல் 100 பி.எஸ்.ஐ. இருக்கையில் ஒருவர் பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். வரம்பு சேம்பரின் அளவைப் பொறுத்தது. டைப் 30 சாதாரண சேம்பருக்கு 2 அங்குலம், டைப் 24-க்கு 1¾. நீண்ட ஸ்ட்ரோக் வகை என்றால் டைப் 30-க்கு 2½, டைப் 24-க்கு 2. காற்றுக்குழாய் வாய் சதுரமாக இருப்பதே அதன் அடையாளம்.

அளவுகள்: முன்னால் டைப் 24, இரண்டு பக்கமும் 1⅜. பின்னால் டைப் 30, இடது 1⅝, வலது 2¼. வெப்பமானி சொன்னது சரி.

புஷ் ராடையும் பிரேக்கைத் திருப்பும் கேம் தண்டையும் இணைக்கும் கையான ஸ்லாக் அட்ஜஸ்டர் தானியங்கி வகை. இந்த இடத்தில் ஒரு ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிட்டுக் கிளம்பும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைச் செய்யக் கூடாது. தானியங்கி அட்ஜஸ்டர் ஒவ்வொரு முழு மிதியிலும் தானே தேய்மானத்தை ஈடுகட்டுவது. அதன் அளவு கெட்டிருக்கிறது என்றால் அதுவோ, அதோடு சேர்ந்த வேறொன்றோ தேய்ந்திருக்கிறது. கையால் இறுக்கினால் அளவு அன்றைக்குச் சரியாகும். காரணம் அப்படியே இருக்கும். சில நூறு மைலில் மறுபடி விலகும், அதுவும் பெரும்பாலும் ஓர் இறக்கத்தில். அமெரிக்காவில் லாரி விபத்துகளை ஆராயும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் இதே எச்சரிக்கையைச் சொல்லியிருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இன்னோர் அளவு உதவும். காற்றில்லாமல், ஒரு கடப்பாரையால் ஸ்லாக்கை நெம்பி, லைனர் டிரம்மைத் தொடும்வரை புஷ் ராட் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். நல்ல டிரம் பிரேக்கில் இது அரை அங்குலத்தை ஒட்டி, அதிகபட்சம் ⅝ இருக்கும். இந்தச் சும்மா நகர்வு சரியாக இருந்து, மிதிக்கும்போது மட்டும் நீண்டால், எஸ்-கேம் புஷ் (கேம் தண்டு சுழலும் உறை), கிளெவிஸ் பின் (புஷ் ராடை ஸ்லாக்கோடு இணைக்கும் ஊசி), சேம்பர் தாங்கி போன்றவை தேய்ந்தோ வளைந்தோ இருக்கின்றன. சும்மா நகர்வே அதிகம் என்றால் அட்ஜஸ்டர் தன் வேலையைச் செய்யவில்லை.

வலது பின்சக்கரத்தில் 1⅛. கேம் தண்டை மேலும் கீழும் ஆட்டியதில் ஆட்டம் 0.06 அங்குலத்துக்குக் கீழே, புஷ் நன்றாக இருக்கிறது. அட்ஜஸ்டரின் அறுகோணத் தலையைத் தளர்த்தும் திசையில் டார்க் ரெஞ்சால் திருப்பினால், இந்த வகையில் குறைந்தது 13 பவுண்டு-அடி எதிர்ப்பும் கரகர ஓசையும் இருக்க வேண்டும். 6-லேயே நழுவியது. உள்ளேயிருக்கும் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இதற்கு மருந்து மாற்றுவது ஒன்றே. (வேறு சில வகைகளில் பற்களைப் பிடித்திருக்கும் கொக்கியை நெம்பிய பிறகே திருப்ப வேண்டும், நெம்பாமல் திருப்பினால் நல்ல அட்ஜஸ்டரையே கெடுத்துவிடுவீர்கள். எந்த வகை என்று முதலில் பாருங்கள்.) ஓர் அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினோம். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிடிப்பு சமமாக இருக்காது.

புதியது வாங்கும்போது மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும்: கை நீளம் (பல வண்டிகளில் 5½ அங்குலம், ஆனால் அளந்து பாருங்கள்), கேம் தண்டின் பற்களின் எண்ணிக்கை, கிளெவிஸ் பின்னின் தடிமன். கை நீளம் மாறினால் பிடிக்கும் வலுவே மாறிவிடும்.

மாற்றும் முறை. முதலில் ஸ்பிரிங் சேம்பரின் பின்புறத் துளையில் கூண்டு போல்ட்டை நுழைத்து, கால் திருப்பு திருப்பிப் பிடிக்கவைத்து, கைஸ்பேனரால் முறுக்கி ஸ்பிரிங்கை அடைக்க வேண்டும். பார்க்கிங் பக்கம் காற்றுக் கொடுத்துக்கொண்டே செய்தால் சுலபம். காற்றடிக்கும் இம்பேக்ட் துப்பாக்கி வேண்டாம். ஸ்பிரிங் பகுதியின் வளையத்தைக் கழற்றுவது எந்த நிலையிலும் வேண்டாம். உள்ளே அடங்கியிருக்கும் ஸ்பிரிங் வெளிப்பட்டால் ஆளைக் கொல்லும். ஸ்பிரிங் அடங்கியதும் கிளெவிஸ் பின்கள் இரண்டையும், கேம் தண்டின் முனை வளையத்தையும் எடுத்து, அட்ஜஸ்டரை உருவலாம். பற்களைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, துருப்பிடித்து இறுகாமல் காக்கும் பசை தடவி, புதியதை ஏற்ற வேண்டும். தயாரிப்பாளர் தரும் அட்டை அளவுகோலை வைத்துக் கிளெவிஸ் கோணம் சரிபார்க்க வேண்டும். அவசரத்தில் பலர் தாண்டிவிடும் படி இது. கோணம் தவறினால் புதிய அட்ஜஸ்டரும் சரியாகத் திருத்தாது. லைனர் டிரம்மைத் தொடும்வரை திருகி, அரைச் சுற்று பின்னால் திருப்பி, ஸ்பிரிங்கைக் கூண்டிலிருந்து விடுவித்து, 90 பி.எஸ்.ஐ.க்குமேல் பத்துப் பன்னிரண்டு முறை முழுதாக மிதித்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

லைனர் தடிமனும் பார்த்தாயிற்று: லைனரைத் தாங்கும் ஷூவின் நடுவில் ½ அங்குலம். ¼ அங்குலம் என்பது சட்டம் சொல்லும் கடைசி வரம்பு. லைனரில் எண்ணெய்க்கறை இல்லை. இருந்திருந்தால் கழுவிப் பயனில்லை, ஹப் சீலோடு சேர்த்து மாற்றியாக வேண்டும். வேலை முடிந்தபின் அளவு: இடது 1⅜, வலது 1½.

நான்காம் நாள்: டில்லன் – கிராண்ட் ஜங்ஷன்

வேய்ல் கணவாய், 10,662 அடி. மேற்குப் பக்கம் மறுபடி 7 சதவீதச் சரிவு. அதே முறை, அதே வேகம். கீழே டீசல் வண்டியின் அளவு: முன் 240, 245, பின் 250, 235. இடது பின்சக்கரம் கிட்டத்தட்ட 100 டிகிரி குறைந்ததற்கு, வலது சக்கரம் தன் பங்கை எடுத்துக்கொண்டதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இன்று தொல்லை பெட்ரோல் வண்டியில். இறக்கத்தின் கடைசிப் பகுதியில் பெடல் மெத்தென்று ஆகி, வழக்கத்தைவிடக் கீழே போனது. முன் இடது டிஸ்க் 480, முன் வலது 230. அரைமணி நேரம் நிறுத்திவைத்ததும் பெடல் மறுபடி கெட்டியானது. இந்த வரிசையே நோயைச் சொல்கிறது: சூட்டில் மெத்து, ஆறினால் கெட்டி என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆறியும் மெத்தென்றே இருந்தால் குழாயில் காற்றோ கசிவோ. கெட்டியாகப் பிடித்த பெடல் மெதுவாக மூழ்கினால், வெளிக்கசிவு இல்லாத பட்சத்தில் குற்றம், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டரில்.

கிளென்வுட் பள்ளத்தாக்கு 1992-இல் முடிந்த சாலை. ஆற்றை ஒட்டியே மெல்ல இறங்குவதால் பிரேக்குக்கு வேலை இல்லை. குறைந்த வேகத்தில், டோ-ஹால் நிலையில் (குறைந்த கியரில் வண்டியைப் பிடித்துவைக்கும் அமைப்பு), பெடலைத் தொட வேண்டிய தேவையின்றிக் கிராண்ட் ஜங்ஷன் வந்து சேர்ந்தாயிற்று.

ஐந்தாம் நாள்: கிராண்ட் ஜங்ஷன்

முன் இடது சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்துக் கையால் சுற்றினால் சுற்றியது. பெடலை ஒருமுறை மிதித்து விட்டபின் சுற்றவில்லை. பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பிளீடர் திருகைக் (ஆயிலை வெளியே விடுவது) கால் சுற்று திறந்ததும் சிறிது ஆயில் பீய்ச்சியடித்தது, சக்கரம் விட்டுக்கொடுத்தது. ஆக, அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது. திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் குற்றம் காலிப்பரின் பிஸ்டனிலோ, துருவேறிய வழுக்குப் பின்களிலோ இருந்திருக்கும். அடைப்பு ஒரே சக்கரத்தில் மட்டும் என்பதால் மேலே மாஸ்டர் சிலிண்டர் வரை போக வேண்டியதில்லை: ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்சுவர் உப்பிப் பிரிந்து, போகவிட்டுத் திரும்பவிடாத வால்வு போல ஆகிவிடும். பெடலின் வலுவில் ஆயில் உள்ளே போகிறது, திரும்பி வர வலு போதவில்லை. உரசி உரசிச் சூடேறிய காலிப்பர் அதற்குள்ளிருந்த ஆயிலைக் கொதிக்கவைத்தது.

கொதித்ததற்கு ஆயிலின் வயதும் காரணம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தர ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. வருடத்தில் பல மாதம் சும்மா நிற்கும் மோட்டார்ஹோமில், ஓடிய மைலை வைத்து ஆயில் மாற்றக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று நாட்காட்டியை வைத்து மாற்ற வேண்டும். சிலிகான் அடிப்படையிலான டாட் 5-ஐ மட்டும் கலக்காதீர்கள்.

முன்பக்க ஹோஸ் இரண்டும் மாற்றம். ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பேன்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்க வேண்டும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். வழுக்குப் பின்களை உருவி, சுத்தம் செய்து, அதிக வெப்பம் தாங்கும் சிலிகான் கிரீஸ் மட்டும் பூச வேண்டும்; சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்பவைக்கும். இடது பேடு சூட்டில் கண்ணாடிபோல் இறுகி ஓரம் நொறுங்கியிருந்ததால் முன் பேடுகள் நான்கும் புதிது. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மையப் பகுதியிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் பார்த்ததில் இன்னும் இடமிருந்தது.

ஆயிலை முழுதாக மாற்ற டாட் 4 இரண்டு லிட்டர் வாங்கினால் மிச்சமிருக்கும். கருத்த ஆயில் போய்த் தெளிந்த ஆயில் வரும்வரை, பொதுவாகப் பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது என்ற வரிசை. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மேல் தொட்டி ஒருபோதும் வற்றக் கூடாது, வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வண்டியில் பிரேக்குக்கு உதவி வருவது ஸ்டீயரிங் பம்பிலிருந்து. அதன் சோதனையும் சுலபம்: எஞ்சினை நிறுத்தி, பெடலைப் பலமுறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினைக் கிளப்பினால் பெடல் சற்றே இறங்கி, பிறகு காலை மேலே தள்ள வேண்டும். எஞ்சின் நின்ற நிலையில் மிதிக்கும்போது மாற்று மின்மோட்டாரின் ரீங்காரமும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். எஞ்சின் நடுவழியில் நின்றுபோனால் அந்த மோட்டார்தான் வண்டியை நிறுத்தும்.

புதுப் பேடுக்குப் பழக்கம் வேண்டும். 30 மைல் வேகத்திலிருந்து மெல்ல நிறுத்தி, 30 விநாடி ஆறவிட்டு, இப்படி 30 முறை. ஊருக்கு வெளியே, பின்னால் வண்டி வராத நேரான சாலையில் மாலையில் செய்து முடித்தது.

ஆறாம் நாள்: கிராண்ட் ஜங்ஷன் – சலைனா, யூட்டா

காலையில் டீசல் வண்டியின் முள்கள் இரண்டும் 90-இல் இருந்தன. ஆனால் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பிரேக் டேங்கில் காற்று இருந்து, பலூன் மட்டும் இறங்கியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. சஸ்பென்ஷன், ஹார்ன் போன்றவற்றுக்குக் காற்று ஒரு பாதுகாப்பு வால்வு வழியாகத்தான் போகிறது. அழுத்தம் குறைந்தால் அந்த வால்வு மூடிக்கொண்டு பிரேக்குக்கான காற்றைக் காப்பாற்றும். சோப்புத் தண்ணீரில் கசிவு தெரிந்தது உயரம் சரிசெய்யும் வால்வின் நைலான் குழாய் முனையில். கூர்மையான கத்தியால் அரை அங்குலம் நேராக வெட்டி, மறுபடி செருகினால் முடிந்தது வேலை. ஏர் பிரேக்குக்கென்று அனுமதித்த நைலான் குழாய் ¼, ⅜, ½ அங்குல அளவுகளில் சில அடியும், இணைப்பான்கள் ஒவ்வொன்றிலும் இரண்டும், கூண்டு போல்ட் ஒரு சோடியும் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். இன்றைய பாதைக்கு இது இன்னும் முக்கியம்: கிரீன் ரிவர் ஊரைத் தாண்டினால் சலைனா வரை 100 மைலுக்குமேல் பெட்ரோல் பங்க் உட்பட எதுவுமே கிடையாது.

கிளம்புமுன் டேங்குகளை வடித்தோம். தெளிந்த நீர் ஒரு கரண்டியளவு வந்தால் ட்ரையரின் கார்ட்ரிட்ஜ் காலம் முடிகிறது என்று பொருள். இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டியது அது. பால்போல் வெளுத்து எண்ணெயுடன் வந்தால் கம்ப்ரஸர் எண்ணெயைக் கடத்துகிறது. கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் கெடும். இங்கே ஈரப்பசை மட்டும். ட்ரையரின் கீழ்வாய் கம்ப்ரஸர் நிரப்பும்போது சீறினால் வெளியேற்று வால்வில் தூசி சிக்கியிருக்கிறது. கம்ப்ரஸர் ஓய்ந்த பின்பும் விடாமல் சீறினால் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு டேங்கின் காற்றைத் திரும்ப விடுகிறது.

ஓட்டத்தின் நடுவே ஒரு முள் மட்டும் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் இந்தத் தனிமைச் சாலைக்குமுன் எண்ணிவைத்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் பின்பக்கம் என்று காற்று இரண்டு சுற்றாகப் பிரிந்திருப்பது அந்த வேளைக்காகத்தான். ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும், தூரம் கூடும். பஸ்ஸர் ஒலித்தால் அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காமல், அந்த நிமிடமே ஓரங்கட்டுங்கள். காற்று இன்னும் குறைந்தால் ஸ்பிரிங் பிரேக் தானாக இறுகி, நீங்கள் தேர்ந்தெடுக்காத இடத்தில் வண்டியை நிறுத்திவிடும்.

சான் ரஃபேல் ஸ்வெல் பாறைகளுக்கிடையே ஏறும் சாலை அழகு. மேற்கு நோக்கிப் போகும்போது அந்தச் செங்குத்தான பகுதி ஏற்றம் என்பதால் பிரேக்குக்கு ஓய்வு. சலைனா பள்ளத்தாக்கின் இறக்கத்தில் இரண்டு வண்டிகளும் சீராக இறங்கின. கீழே பெட்ரோல் வண்டியின் முன் டிஸ்க்குகள் 265, 270. டீசல் வண்டியின் பின் டிரம்கள் 225, 230.

பெட்ரோல் வண்டியின் முன்சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்ததால், ஏறத்தாழ 50 மைல் ஓடியதுமே ஃப்ரூட்டா தாண்டி ஓரிடத்தில் நிறுத்தி நட்டுகளைக் கையேடு சொல்லும் டார்க்கில் மறுபடி பார்த்தாயிற்று. இரண்டு நட்டுகள் சற்றே திரும்பின. டீசல் வண்டியின் ஸ்ட்ரோக்கை மாலையில் டிரம் முழுதாக ஆறியபின் அளந்ததில் இடது 1⅜, வலது 1⅜. புதிய அட்ஜஸ்டர் எட்டில் ஒரு அங்குலத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த அளவெடுப்பு 1,000 மைலில். அப்போது வலது மறுபடி 1¾-ஐத் தாண்டினால், கேம் புஷ்ஷையும் சேம்பர் தாங்கியையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.